ஹார்லெமில் ஓராண்டு: கறுப்பினக் கலைஞர்களுக்கான ஃபெலோஷிப்புக்கு முதன்முறை விண்ணப்பிப்பது எப்படி?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125-ஆவது தெருவில், ஸ்டுடியோ மியூசியம் என்ற கலைக்கூடம் இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த, இப்போதுதான் பெயர் எடுக்கத் தொடங்கியிருக்கும் மூன்று கலைஞர்களை அது ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் வேலை செய்ய ஸ்டுடியோ, கையில் உதவித்தொகை, இறுதியில் ஒரு கண்காட்சி ஆகியவற்றைத் தருகிறது. 1968 முதல் ‘ஆர்ட்டிஸ்ட்-இன்-ரெசிடென்ஸ்’ என்ற பெயரில் நடந்துவரும் இந்த ஃபெலோஷிப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்து வேலை செய்திருக்கிறார்கள். டேவிட் ஹாமன்ஸ், கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல், கெஹிண்டே வைலி, மிக்கலீன் தாமஸ், சிமோன் லீ, என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 2022-இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் தனிக் கண்காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் சிமோன் லீ. அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முன்னர், 2010-11-இல், அவர் ஹார்லெமில் இந்த ஃபெலோஷிப்பில் இருந்தார்.

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இத்திட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க இயலாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தமிழர்கள் இருக்கிறார்கள். கறுப்பினக் கலைஞர்களோடு ஸ்டுடியோவைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர்கள் இருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் தமிழராகவும் மற்றவர் கறுப்பினத்தவராகவும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது கலைக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களில் யாரேனும் ஒருநாள் விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திகைத்து உட்காரும்போது பக்கத்தில் இருக்கப் போகிறவர் நீங்களாக இருக்கலாம். நண்பர்களின் விண்ணப்பங்களை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுக்கும் வழக்கம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. அதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கீழே ‘நீங்கள்’ என்று வருமிடமெல்லாம் விண்ணப்பிக்கும் கலைஞரைக் குறிக்கும்.

தொடங்கும் முன்: இந்தக் கதவு எப்படித் திறந்தது

1923-இல் அகஸ்டா சாவேஜ் என்ற சிற்பி, பாரிஸ் அருகே ஃபோன்தேன்புளோவில் அமெரிக்கப் பெண்களுக்காக நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். அவர் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்கத் தேர்வுக் குழு இடம் மறுத்தது. அவர் அதைப் பொறுத்துக்கொண்டு ஒதுங்கவில்லை; பத்திரிகைக்கு எழுதி ஊரறியச் செய்தார். 1929-இல், கறுப்பினத்தவரின் கல்விக்கும் கலைக்கும் உதவிய ரோசன்வால்ட் நிதியத்தின் ஃபெலோஷிப் கிடைத்த பிறகுதான் அவர் பாரிஸ் போக முடிந்தது. திரும்பி வந்து ஹார்லெமில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1937-இல் தொடங்கிய ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரும் அவரே.

1968 செப்டம்பரில் ஃபிஃப்த் அவென்யூவில் ஒரு வாடகை மாடியில் ஸ்டுடியோ மியூசியம் தொடங்கியபோது, வில்லியம் டி. வில்லியம்ஸ் என்ற ஓவியர் ஒரு யோசனையை முன்வைத்தார். படைப்புகளைத் தொங்கவிட இடம் கொடுத்தால் மட்டும் போதாது, அவற்றைச் செய்யும் கலைஞனுக்கும் அதே கட்டடத்தில் இடம் வேண்டும் என்றார். இந்த ஃபெலோஷிப் அதிலிருந்து பிறந்தது.

இந்த வரலாறு தெரிந்திருந்தால் விண்ணப்பத்தின் தொனியே மாறிவிடும். இரக்கம் கேட்டு எழுதத் தேவையில்லை. எனக்குக் கிடைக்காமல் போனவை என்று பட்டியல் போடவும் தேவையில்லை. அந்த அநீதியை அறிந்தவர்கள்தாம் இந்த இடத்தை உருவாக்கினார்கள். உங்கள் வேலை என்ன, அதற்கு இந்த ஓராண்டு எதற்காக வேண்டும் என்பதை அவர்களிடம் சொன்னால் போதும்.

முதல் படி: அழைப்பை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

விண்ணப்ப அழைப்பு வந்ததும் அதை அச்செடுத்துக் கையில் பேனாவோடு படியுங்கள். கடைசி நாள், எத்தனை படங்கள், எத்தனை சொற்கள், எத்தனை பரிந்துரைகள், உதவித்தொகை எவ்வளவு என்பவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன ஆண்டு விண்ணப்பித்த நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். அந்த ஆண்டு அழைப்பில் இருப்பதே விதி.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பட்டப்படிப்பில் இருக்கும் மாணவர்களை இத்தகைய திட்டங்கள் பொதுவாக ஏற்பதில்லை. படிப்பு முடியும் மாதத்தையும் ஃபெலோஷிப் தொடங்கும் மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘வளர்ந்துவரும் கலைஞர்’ என்பதற்கும் வயதுக்கும் தொடர்பில்லை. நாற்பது வயதில் முழுநேரக் கலைக்கு வந்தவரும் வளர்ந்துவரும் கலைஞரே. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர் விசாவைப் பற்றித் தேர்வுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. ஃபெலோஷிப் கிடைத்துவிட்டதாலேயே அமெரிக்காவில் தங்கிப் பணம் பெறும் உரிமை வந்துவிடாது. குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் இருத்துங்கள். கிடைப்பது வேலை செய்யும் இடம், வீடு அல்ல. வாடகை உங்கள் பொறுப்பு. இந்தக் கணக்கை ஆறாம் படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: இடத்தைப் போய்ப் பாருங்கள்

நியூயார்க்கில் இருப்பவராக இருந்தால் இதற்குச் சாக்குச் சொல்லாதீர்கள். 2, 3 எண் சப்வே ரயில்கள் லெனாக்ஸ் அவென்யூவும் 125-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில் கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து மேற்கே சற்று நடந்தால் 144-ஆம் எண் கட்டடம். பழைய கட்டடத்தை 2018-இல் மூடி, அதே இடத்தில் புதிதாகக் கட்டி, 2025 நவம்பரில் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகள் பலவற்றிலும் ஃபெலோஷிப் நடந்தது. குவீன்ஸில் இருக்கும் மோமா பி.எஸ்.1 கலைக்கூடத்தில் ஃபெலோஷிப்பில் இருந்தவர்களின் கண்காட்சிகள் நடந்தன.

உள்ளே போய், அண்மையில் ஃபெலோஷிப்பில் இருந்தவர்களின் படைப்புகள் எங்கே காட்சியில் இருந்தாலும் அவற்றின் முன் நேரம் செலவிடுங்கள். அவர்களைப் போலச் செய்யக் கற்பதற்காக அல்ல. எவ்வளவு வேறுபட்டவர்களை இந்தத் தேர்வுக் குழு ஏற்றிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால், ‘இவர்களுக்கு இந்த வகை ஓவியம்தான் பிடிக்கும்’ என்ற வதந்தி மனத்தை விட்டுப் போய்விடும்.

பிறகு வெளியே வந்து தெருவில் நடந்து பாருங்கள். இந்த ஃபெலோஷிப்பில் தெருவுக்கும் பங்கு உண்டு. 2001-02-இல் இங்கிருந்த கெஹிண்டே வைலி, ஹார்லெம் தெருவில் கசங்கிக் கிடந்த ஒரு தாளைக் கண்டெடுத்தார். அதில் ஒரு கறுப்பின இளைஞரின் காவல்துறைப் புகைப்படம் இருந்தது. ஐரோப்பியப் பிரபுக்களின் பழைய உருவ ஓவியங்களையும் அந்தப் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் யோசிக்கத் தொடங்கினார். ஒருவரை மாண்போடு காட்டுவது எது, குற்றவாளியாக்கிக் காட்டுவது எது என்ற கேள்வி அவர் ஓவியத்துக்குள் வந்தது. தெருவில் போகும் இளைஞர்களை நிறுத்தி, ‘உங்களை வரையலாமா’ என்று கேட்கத் தொடங்கினார். 2018-இல் ஒபாமாவின் உருவ ஓவியத்தை வரைந்தவர் இவரே. 2015-16-இல் இருந்த ஜோர்டன் காஸ்டீல், சுற்றுவட்டாரத்தில் கடை போட்டிருப்பவர்களையும் நடைபாதையில் அமர்ந்திருப்பவர்களையும் அனுமதி கேட்டுப் புகைப்படம் எடுத்து, ஸ்டுடியோவுக்குத் திரும்பி ஆளுயரப் படங்களாக வரைந்தார்.

அதே லெனாக்ஸ் அவென்யூவில் வடக்கே 135-ஆவது தெரு வரை போனால் ஷோம்பர்க் மையம் வரும். கறுப்பின வரலாற்றுக்கான மாபெரும் ஆய்வு நூலகம் அது. உங்கள் திட்டத்தில் வரலாற்று ஆய்வு ஏதும் இருந்தால் அங்கே என்ன கிடைக்கும் என்று முன்பே பார்த்துவைத்து விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள்.

மூன்றாம் படி: படங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. தேர்வுக் குழுவினர் முதலில் பார்ப்பது படங்களை. பல சமயம் ஒவ்வொன்றையும் சில நொடிகளே பார்க்கிறார்கள். எழுதியதைப் படிக்கலாமா என்ற ஆர்வமே படங்களைப் பார்த்த பிறகுதான் வரும். ஆனாலும் எழுத்துக்கு ஒரு மாதமும் படங்களுக்கு ஒரு மாலையும் ஒதுக்குகிறவர்களே அதிகம். இதைத் தலைகீழாக மாற்றுங்கள்.

கறுப்பின உருவங்களை வரைபவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓவியங்களில் உடல்கள் முழுக் கறுப்பாக இருக்கும். எலும்புக் கரியிலிருந்து வரும் கறுப்பு, கார்பன் கறுப்பு, இரும்பு ஆக்சைடு கறுப்பு என்று வெவ்வேறு கறுப்புகளை அவர் பயன்படுத்துகிறார். ஒன்றில் சூடு, மற்றொன்றில் குளிர்ச்சி. நேரில் பார்க்கும்போது அந்த வேறுபாட்டிலிருந்து கன்னமும் நெற்றியும் எழுந்து நிற்கும். இத்தகைய படத்தைக் கைபேசியால் எடுத்தால் என்ன நடக்கும்? படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்துக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகும்; நுணுக்கமெல்லாம் ஒன்றாகக் கரைந்துவிடும். ஒரு தோழி தன் பாட்டியைக் கருநீல உடையில், விளக்கில்லாத கூடத்தில் அமர்ந்திருப்பவராக வரைந்திருந்தார். நேரில் மூச்சு நின்றுவிடும் அழகு அது. கைபேசிப் படத்தில் பாட்டியின் முகம் பழைய சிமென்ட் நிறத்தில் தட்டையாகக் கிடந்தது. மறுபடியும் எடுத்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

ஓவியத்தைச் சுவரில் நேராக மாட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, ஓவியத்தின் நடுப்பகுதியின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் ஓவியத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும்; சாய்ந்திருந்தால் ஓரங்கள் கோணலாகும். ஒரே வகையான இரண்டு விளக்குகளை இடமும் வலமும் 45 பாகைக் கோணத்தில் வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, சன்னலை மூடிவிடுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஓவியத்தின் முன்னால் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து, அதற்கு ஏற்பக் கேமராவின் வெளிச்ச அளவைத் தானியங்கியில் விடாமல் நீங்களே அமைத்துக்கொண்டு, அட்டையை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். இந்த அட்டை புகைப்படக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். இப்படிச் செய்தால் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டாது. எண்ணெய் வண்ணம் பளபளத்தால் விளக்குகளைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். கடைசியாக, கணினித் திரையில் இருக்கும் படத்தையும் உண்மை ஓவியத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிற்பமாக இருந்தால் வெற்றுச் சுவர்ப் பின்னணியில் ஒரு படம், அளவு தெரியும்படி ஓர் அறைக்குள் நிற்கும் நிலையில் ஒரு படம். வீடியோ என்றால் முதல் ஒரு நிமிடத்திலேயே வேலையின் தன்மை தெரிய வேண்டும்.

எந்தெந்தப் படங்கள்? அண்மை ஆண்டுகளில் செய்தவை. ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. நீங்கள் எல்லாவற்றையும் செய்ய வல்லவர் என்று காட்டுவதற்காக ஓவியம் நான்கு, மட்பாண்டம் இரண்டு, புகைப்படம் மூன்று என்று கலந்து வைத்தால் யாருடைய வேலை இது என்ற குழப்பமே மிஞ்சும். மிக வலுவானதை முதலிலும் அடுத்த வலுவானதைக் கடைசியிலும் வையுங்கள். பத்துப் படம் கேட்டு, உங்களிடம் நல்லவை எட்டே இருந்தால், விதி இடம் கொடுத்தால் எட்டோடு நிறுத்துங்கள். பலவீனமான இரண்டு படங்கள் மற்ற எட்டையும் கீழே இழுத்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு இருக்க வேண்டும். ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். சணல், தார், பழைய சேலைத் துணி, செம்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் படிப்பவரின் விரல் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்க்கும்.

நான்காம் படி: எழுத்து

1940-இல் ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞர் ரோசன்வால்ட் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தார். அவருக்கு அப்போது 22 வயது. தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கு நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் பெருந்திரளாகப் புலம்பெயர்ந்ததை ஒரு தொடர் ஓவியமாக வரையப்போவதாகத் திட்டம் சொன்னார். பணம் கிடைத்ததும் மேற்கு 125-ஆவது தெருவிலேயே ஓர் இடத்தை வாடகைக்கு எடுத்தார். 135-ஆவது தெரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். 60 பலகைகள், ஒவ்வொன்றும் 12-க்கு 18 அங்குலம். அவற்றுக்கு அடிப்பூச்சு பூச ஓவியர் குவெண்டலின் நைட் உதவினார். பின்னாளில் அவரையே லாரன்ஸ் மணந்துகொண்டார். நிறங்கள் பலகைக்குப் பலகை மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லாப் பலகைகளையும் பரப்பி வைத்து, ஒரு நிறத்தை எடுத்தால் அது வரவேண்டிய இடமெல்லாம் பூசி முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனார். 1941-இல் தொடர் முடிந்தது. இன்று பாதி நியூயார்க்கின் நவீன கலைக்கூடத்திலும் பாதி வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் தொகுப்பிலும் இருக்கிறது.

நல்ல திட்டக் குறிப்புக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. எந்தப் பொருள், எந்த வடிவம், எங்கே தேடிப் படிப்பேன், எப்படிச் செய்வேன் என்ற நான்குக்கும் அதில் விடை இருக்கிறது. ‘அடையாளம், நினைவு, உடல் ஆகியவற்றை ஆராய்கிறேன்’ என்ற வாக்கியத்தை ஆயிரம் பேர் எழுதலாம். ‘என் அம்மா சலவைக் கடையில் இருபது ஆண்டுகள் இஸ்திரி போட்டார், அந்தக் கடையின் ரசீதுகளின் பின்புறத்தில் அச்சோவியங்கள் செய்கிறேன், இந்த ஆண்டில் அவற்றைச் சுவரளவுக்குப் பெரிதாக்க வேண்டும், என் வீட்டில் அவ்வளவு பெரிய சுவர் இல்லை’ என்று எழுத உங்கள் ஒருவரால்தான் முடியும். ஸ்டுடியோ ஏன் தேவை என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் வந்துவிடுகிறது.

எழுதி முடித்ததும் கலைத்துறையில் இல்லாத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் புருவம் சுருங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள்.

ஐந்தாம் படி: பரிந்துரை

புகழ்பெற்றவரின் பொத்தாம்பொதுவான இரண்டு வரியைவிட, உங்கள் வேலையை மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியரின் ஒரு பக்கம் மேல். குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் படங்களையும் திட்டக் குறிப்பையும் கடைசி நாளையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

உதவித்தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். அதிலிருந்து நியூயார்க் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, வண்ணமும் கான்வாஸும், சப்வே கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். பெரும்பாலும் மிச்சம் இருக்காது; பற்றாக்குறைதான் வரும். அந்தப் பற்றாக்குறையைச் சேமிப்பால் ஈடுகட்டுவீர்களா, பகுதிநேர வேலையாலா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்டுடியோவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அந்த வேலை மோதாமல் இருக்க வேண்டும்.

வரியை மறந்து திண்டாடுபவர்கள் ஏராளம். அமெரிக்காவில் பட்டப்படிப்பில் இல்லாத ஒருவர் பெறும் ஃபெலோஷிப் தொகை வருமானமாகவே கருதப்படுகிறது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குச் சம்பளத்தில் பிடிப்பதைப் போல இதில் முன்கூட்டியே பிடிக்க மாட்டார்கள். முழுத்தொகையும் கைக்கு வரும். அடுத்த ஆண்டு வரிக் கணக்கு வரும்போது செலவழித்து முடித்திருப்பீர்கள். ஒவ்வொரு தவணை வரும்போதும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களில் முன்வரியைப் பகுதி பகுதியாகக் கட்டலாம். பொருள் வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வைத்து, கலைஞர்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

ஏழாம் படி: அனுப்புவதும் அதன் பின்னும்

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு அனுப்பிவிடுங்கள். கோப்புகளுக்கு உங்கள் பெயர், வரிசை எண், படைப்பின் தலைப்பு என்று ஒழுங்காகப் பெயர் வையுங்கள். கடைசி நேரம் நியூயார்க் நேரப்படி என்பதை வெளியூரில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இறுதிச் சுற்றில் உங்களோடு பேச விரும்பினால், மனப்பாடம் செய்த உரையோடு போகாதீர்கள். பாதியில் நிற்கும் ஒரு வேலையை அவர்களுக்குக் காட்டுங்கள். எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஓராண்டு பக்கத்து அறையில் இருக்கப் போகிறவர் எப்படிச் சிந்திக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்களும் வருகிறார்கள்.

கிடைக்காவிட்டால்

ஆண்டுக்கு மூன்று பேர்தான் என்பதால் மிக நல்ல கலைஞர்களுக்கும் இல்லை என்றே பதில் வரும். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள். ஆனால் பழைய படங்களையே அனுப்பாமல், இடைப்பட்ட காலத்தில் செய்த புதியவற்றோடு போங்கள். அழைப்பில் மறுப்பு இல்லாவிட்டால் கருத்துக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம்.

இங்கிருந்து போனவர்களே திறந்துவைத்த வேறு கதவுகளும் இருக்கின்றன. 2006-07-இல் ஹார்லெமில் இருந்த டைட்டஸ் கஃபார், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ‘நெக்ஸ்ட் ஹேவன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே கலைஞர்களுக்கு ஒன்று, கண்காட்சிகளைத் தேர்ந்து அமைக்கும் கியூரேட்டர்களுக்கு ஒன்று என ஃபெலோஷிப்கள் தருகிறார்கள். உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அங்கே பயிற்சியாளர்களாக வேலை செய்கிறார்கள். கெஹிண்டே வைலி 2019-இல் செனகலின் தலைநகர் டக்காரில் ‘பிளாக் ராக்’ என்ற உறைவிடத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே தங்குவதற்கும் இடம் உண்டு. நியூ ஹேவனைப் போய்ப் பார்க்க விரும்புபவர்கள் மன்ஹாட்டனின் நடுப்பகுதிக்குப் போக வேண்டியதில்லை. நியூ ஹேவன் ரயில்கள் 125-ஆவது தெரு நிலையத்திலேயே நின்று ஆளேற்றிக்கொள்ளும். பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.